என் மூளையை நான் எவ்வளவு நம்பலாம்?

மனம்: கேள்வி – பதில்
(பதில் சொல்பவர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர், மதுரை)

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, ஐந்து வயதுப் பிள்ளையின் தாயும் அறுபத்தேழு வயது அம்மையாரும் ஒரே விஷயத்தை இரண்டு முனைகளிலிருந்து கேட்பது தெரிந்தது. ‘என் மூளை இப்படிப்பட்டது’ என்று நம் ஒவ்வொருவரிடமும் ஒரு தீர்மானம் இருக்கிறது. வயதுக்கு வயது அது மாறுகிறது. ஆனால் மூளை மாறும் வேகமும் அந்தத் தீர்மானம் மாறும் வேகமும் ஒன்றல்ல. அந்த இடைவெளியில்தான் பலருடைய மனவருத்தம் பிறக்கிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தபால் நிலையக் கவுண்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வயது 67. ஊர்ப் பெயரைச் சொன்னால் பின்கோடு எண்ணை மனப்பாடமாகச் சொன்னவள். இப்போது எதிர்வீட்டுப் பேத்தியின் பெயர் வாயில் வரவில்லை. ஒரு கல்யாண வீட்டில் பழைய சக ஊழியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் தவித்துப்போனேன். ‘உனக்கு வயதாகிவிட்டது அம்மா, பாஸ்புக், ஏடிஎம் கார்டு எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்றான் மகன். கொடுத்துவிட்டேன். என் மூளை தேய்ந்துவிட்டதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் பாஸ்புக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா. மற்றதைப் பிறகு பேசலாம் என்று சொல்லும் அளவுக்கு அது எனக்கு அவசரமாகப் படுகிறது.

தெரிந்த பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடுவதை உளவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். 1966-இல் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் ஆகிய இருவர் இதைச் சோதித்தபோது அவர்கள் முன் உட்கார்ந்திருந்தவர்கள் கல்லூரி மாணவர்கள். இருபது வயதிலும் இது நடக்கிறது. சொல் வராமல் திணறும்போதே அதன் முதல் எழுத்து என்ன, எத்தனை அசை என்பதெல்லாம் அந்த மாணவர்களுக்குப் பல நேரங்களில் தெரிந்திருந்தது. பிறகு 1991-இல் டெபோரா பர்க் குழுவினர் இளையவர்களையும் முதியவர்களையும் ஒப்பிட்டார்கள். வயது ஏற ஏற இந்தத் தவிப்பு கூடுகிறது, அதிலும் ஆட்களின் பெயர்களில் மிகவும் கூடுகிறது என்று கண்டார்கள். காரணம் எளியது. ‘தபால்காரர்’ என்று சொன்னால் காக்கி உடை, சைக்கிள், பை, மணியோசை என்று பல நினைவுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். ‘கமலா’ என்ற பெயருக்கும் அந்த முகத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஓர் இழை. பல மாதங்கள் உச்சரிக்காத பெயரில் அந்த இழை தளர்ந்துவிடுகிறது. ஆனால் பெயர் அழிந்துவிடவில்லை. கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வந்து புடவையை மடித்து வைக்கும்போது அந்தச் சக ஊழியரின் பெயர் தானாக வந்திருக்குமே!

இனி, உங்கள் கேள்விக்குள் உட்கார்ந்திருக்கும் நம்பிக்கைக்கு வருகிறேன். ‘என் ஞாபகம் கெட்டுவிட்டது’ என்று முதியவர்கள் சொல்லும் குறையையும், ஞாபகச் சோதனையில் அவர்கள் உண்மையில் வாங்கும் மதிப்பெண்ணையும் ஒப்பிட்ட ஆய்வுகள் ஏராளம். இரண்டுக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது என்றே திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. மனச்சோர்வோடுதான் அந்தக் குறை இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸை விட்டுவிட்டு வரும் பையனைப் பார்த்து ‘கவனம் இல்லை’ என்கிறோம். மூக்குக்கண்ணாடியைத் தேடும் பாட்டியைப் பார்த்து ‘வயதாகிவிட்டது’ என்கிறோம். நடந்தது ஒரே மறதி. முதியவரும் நாளடைவில் அந்த விளக்கத்தையே தன்னுடைய விளக்கமாக எடுத்துக்கொள்கிறார். பிறகு ஒவ்வொரு மறதியும் அதற்குச் சாட்சியாகிவிடுகிறது. மறக்காமல் செய்து முடித்த நூறு காரியங்களை யாரும் எண்ணுவதில்லை.

2001-இல் ரஹ்ஹால், ஹாஷர் முதலிய ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். முதியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் பொது அறிவுச் செய்திகளைக் கொடுத்துப் பிறகு கேள்வி கேட்டார்கள். ஒரு பிரிவினரிடம் ‘இது ஞாபகசக்திச் சோதனை’ என்று அழுத்திச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரிடம் ஞாபகம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. முதல் பிரிவில் முதியவர்கள் பின்தங்கினார்கள். இரண்டாம் பிரிவில் வயது வித்தியாசம் தெரியவில்லை. இத்தகைய சோதனைகள் எல்லாவற்றிலும் விளைவு இவ்வளவு பளிச்சென்று வருவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அச்சத்தோடு தேடுகிறவருக்குப் பெயர் கிடைப்பது கடினம் என்பதை ஆசிரியராக இருந்த நான் கரும்பலகை முன்னால் எழுப்பிவிடப்பட்ட பிள்ளைகளிடம் நிறையவே பார்த்திருக்கிறேன்.

உங்களுக்குப் பொய்யான ஆறுதல் சொல்ல விரும்பவில்லை. வேகம் குறைவது உண்மை. புதிய செய்தியை ஏற்றிக்கொள்ள அதிக நேரம் ஆவதும் உண்மை. அதே சமயம், ‘இதை நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன், அதைச் சரியாகக் கற்கவில்லை’ என்று ஒவ்வொன்றாக எடைபோடும் திறமை முதியவர்களிடம் பெரும்பாலும் குறையாமல் இருக்கிறது என்று கிறிஸ்டோபர் ஹெர்ட்சாக், ஜான் டன்லோஸ்கி ஆகியோரின் ஆய்வுகள் காட்டுகின்றன. மொத்தமாக ‘என் ஞாபகம் எப்படி?’ என்று கேட்டால்தான் பதில் தவறிப்போகிறது.

எங்கள் தெருவுக்கு மாலையில் பூ கொண்டுவரும் அம்மாள் என்னைவிட மூத்தவர். ‘எனக்கு ஒன்றுமே நினைவில் நிற்பதில்லை’ என்பது அவருடைய வழக்கமான பேச்சு. எந்த வீட்டில் எத்தனை முழம் கடன், யார் வெள்ளிக்கிழமை கதம்பம் கேட்பார்கள், யாருக்கு மல்லிகை வாசனை தலைவலி தரும் என்பதெல்லாம் அவரிடம் தடையில்லாமல் வரும். நோட்டுப் புத்தகம் கிடையாது. தன் ஞாபகத்தைப் பற்றி அவர் சொல்வதை அவருடைய ஞாபகமே ஒவ்வொரு மாலையும் மறுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் பின்கோடுகளும் அப்படித்தான் உள்ளே இருக்கின்றன.

பயப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு: பதில் கேட்ட சில நிமிடங்களில் அதே கேள்வியை மறுபடி மறுபடி கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, ஆயுள் முழுதும் போட்ட கணக்கைப் போட முடியாமல் போவது, எடுத்த பொருள் எதற்குப் பயன்படும் என்றே தெரியாமல் நிற்பது. இவை இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருக்கலாம் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. சிறிய எண்ணிக்கை அல்ல. ஆனால் மீதி இருக்கும் தொண்ணூற்றுச் சொச்சம் பேரையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்து, கையிலிருக்கும் கார்டைப் பிடுங்குவது அநியாயம்.

மகனுக்கு ஒரு சொல்: தம்பி, உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. அம்மாவோடு உட்கார்ந்து மாதக் கணக்கைப் பாருங்கள். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று விளக்குங்கள். கார்டு அவரிடமே இருக்கட்டும். செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினால் அந்தத் திறமை மங்கும், மங்கியதும் ‘நான் அப்போதே சொன்னேனே’ என்று நீங்களும் சொல்வீர்கள், அவரும் நம்பிவிடுவார்.

கேள்வி: என் மகன் யு.கே.ஜி. படிக்கிறான். எதைச் சொன்னாலும் ‘எனக்குத் தெரியுமே’ என்கிறான். நேற்று நான் சொல்லிக்கொடுத்ததைக்கூட ‘எனக்கு எப்போதோ தெரியும்’ என்று சாதிக்கிறான். பொய் சொல்லிப் பழகிவிடுவானோ, கர்வமோ என்று பயமாக இருக்கிறது. இப்போதே தட்டி வைக்க வேண்டும் என்கிறார் மாமியார்.
– ஒரு தாய், ஈரோடு

பதில்: தட்டி வைக்க வேண்டாம். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

1994-இல் மார்ஜரி டெய்லர் குழுவினர் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு அவர்கள் கேள்விப்பட்டிராத ஒரு நிறத்தின் பெயரைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ‘இது உனக்கு எப்போது தெரியும்?’ என்று கேட்டார்கள். நெடுநாளாகத் தெரியும் என்றார்கள் பல குழந்தைகள். அறிவு ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஒருவர் சொல்லி, உள்ளே வந்தது என்ற எண்ணமே அந்த வயதில் இன்னும் உருவாகவில்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் ஃப்ளேவெல், தங்கள் மனத்தைப் பற்றிப் பிள்ளைகள் என்ன அறிந்திருக்கிறார்கள் என்று ஆராயும் துறையைத் திறந்துவைத்தவர். அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1970-இல் வெளியிட்ட சோதனையில் சிறுவர்களிடம் படங்களைக் காட்டி, எத்தனையை நினைவில் வைத்துச் சொல்ல முடியும் என்று முன்கூட்டியே கேட்டார்கள். பள்ளி தொடங்கும் வயதுக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பத்துப் படங்களையும் சொல்லிவிடுவோம் என்றார்கள். சொன்னது மூன்று, நான்கு. நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் கணிப்பு ஏறக்குறையச் சரியாக இருந்தது.

என் மாணவியர் இதைக் கல்லூரிக்குப் பின்னால் இருந்த அங்கன்வாடியில் ஆண்டுதோறும் செய்து பார்ப்பார்கள். மாம்பழம், குடை, ஆடு, விளக்கு என்று அட்டைகள். இரட்டைச் சடைப் பிள்ளை ஒருத்தி ‘எல்லாம் சொல்வேன்’ என்றாள். நான்கு சொன்னாள். ‘இன்னொரு முறை வைத்தால் எத்தனை சொல்வாய்?’ என்று கேட்டார் என் மாணவி. ‘எல்லாம்!’ என்றாள் அவள், அதே முகமலர்ச்சியோடு. அந்தப் பதிலை நான் பெரிதும் மதிக்கிறேன். தோற்றதைக் கணக்கில் வைக்காததால்தான் அவள் உடனே மறுபடி உட்கார்ந்தாள். குழந்தைகளின் இந்த மிகை மதிப்பீடு அவர்களுக்கு நன்மை செய்கிறது, கைக்கு மீறியதை முயன்று பார்க்க வைக்கிறது என்று டேவிட் பியோர்க்லண்ட் என்ற உளவியலாளர் 1992-இலேயே வாதிட்டிருக்கிறார். நானும் அந்தக் கட்சிதான்.

இன்னொன்றும் உங்களுக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தையை உட்காரவைத்து, சற்று நேரம் எதையும் நினைக்காமல் இரு என்று சொல்லிவிட்டு, பிறகு ‘ஏதாவது நினைத்தாயா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இல்லை’ என்பான். ஃப்ளேவெலின் பிந்தைய ஆய்வுகளில் பெரும்பாலான ஐந்து வயதினர் அப்படித்தான் சொன்னார்கள். எட்டு வயதினரோ, ‘நினைக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனாலும் ஏதேதோ வந்தது’ என்ற வகையில் ஒப்புக்கொண்டார்கள். மனம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே பிள்ளைகள் மெதுவாகக் கண்டுபிடிக்கும் செய்தி. உங்கள் மகன் அந்தக் கண்டுபிடிப்பின் வாசலில் நிற்கிறான். அவனிடம் ‘சரி, உனக்குத் தெரியும், எனக்கும் சொல்லிக் காட்டு’ என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 19. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். பள்ளிப் பாடநூல்களை மூன்று முறை படித்துவிட்டேன். படிக்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது. மாதிரித் தேர்வில் உட்கார்ந்தால் எதுவும் வரவில்லை. எனக்குப் பிறவியிலேயே மந்த புத்தி என்று நினைக்கிறேன்.
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: தம்பி, பிறவியிலேயே என்று சொல்கிறீர்கள். அந்த எண்ணம் உங்களுக்கு எந்த வகுப்பில் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் இருந்திருக்காது. 1978-இல் ஜான் நிக்கல்ஸ் காட்டியபடி, சிறு குழந்தைகளுக்கு உழைப்பும் திறமையும் ஒன்றுதான்: அதிகம் உழைத்தவனே அவர்கள் கண்ணில் புத்திசாலி. பத்து, பன்னிரண்டு வயதை ஒட்டித்தான் ‘திறமை என்பது தனியாக ஒன்று, அதற்கு ஓர் அளவு உண்டு’ என்ற எண்ணம் உருவாகிறது. நம் பள்ளிகளில் ரேங்க் கார்டும் அதே வயதில்தான் கனமாகிறது. உங்களுடைய ‘மந்த புத்தி’ ஆறாம், ஏழாம் வகுப்பில் யாரோ சொல்லி ஒட்டிக்கொண்ட பட்டமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

உண்மையான கோளாறு படிக்கும் முறையில் இருக்கிறது. 2008-இல் ஜெஃப்ரி கார்பிக்கி, ஹென்றி ரோடிகர் ஆகியோர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு, அவர்கள் அறியாத ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியின் 40 சொற்களைக் கற்பித்தார்கள். சிலர் சொற்களைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் திரும்பத் திரும்பத் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டார்கள். ‘ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும்?’ என்று கேட்டதற்கு எல்லாப் பிரிவினரும் பாதியளவு இருக்கும் என்றே சொன்னார்கள். ஒரு வாரம் கழிந்தது. சோதித்துக்கொண்டவர்கள் சுமார் 80 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். படித்துக்கொண்டே இருந்தவர்களிடம் மூன்றில் ஒரு பங்கு அளவே மிஞ்சியிருந்தது. எந்த முறை தங்களுக்குள் வேலை செய்கிறது என்பதே அந்த மாணவர்களுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் முறை படிக்கும்போது வரி பழகிப்போயிருக்கும். அந்தப் பழக்கத்தை ‘தெரியும்’ என்று மனம் எடுத்துக்கொள்கிறது. பாடத்தை மூடிய கையோடு ‘எனக்கு வந்துவிட்டதா?’ என்று கேட்காதீர்கள். அப்போது வரும் பதில் நம்பத்தக்கதல்ல. வேறு ஒரு பாடத்தைப் பார்த்துவிட்டு வந்து, புத்தகத்தைத் திறக்காமல், பதிலை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். சிறிது நேரம் விட்டுச் செய்யும் மதிப்பீடு மிகத் துல்லியமாக இருக்கிறது என்று நெல்சனும் டன்லோஸ்கியும் 1991-இல் நிறுவினார்கள். உங்கள் தேர்வில் 200 கேள்விகள், அதில் 100 தமிழ். நாளைக் காலை தமிழிலிருந்து தொடங்குங்கள். எழுதி வராதவற்றை மட்டும் மறுபடி படியுங்கள். நான்காம் முறையாக முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு 48 வயது. இளமையில் நிறையத் தடுமாறினேன். இப்போது என் எண்ணங்கள் ஒரு நிலைக்கு வந்துவிட்டன. இனி நான் மாறப்போவதில்லை என்று உறுதியாகத் தோன்றுகிறது. இது முதிர்ச்சிதானே?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: ஐயா, இதே உறுதி உங்களுக்கு 28 வயதிலும் இருந்திருக்கும். குவாட்பாக், கில்பர்ட், வில்சன் ஆகிய மூவர் 18 முதல் 68 வயது வரையிலான 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். கடந்த பத்தாண்டுகளில் நிறைய மாறிவிட்டதாக எல்லா வயதினரும் சொன்னார்கள். வரும் பத்தாண்டுகளில் அவ்வளவாக மாறமாட்டோம் என்றும் எல்லா வயதினரும் சொன்னார்கள். நீங்கள் அமைதி அடைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. அந்த அமைதியை வைத்து வீட்டில் யாருக்காவது ‘நான் இப்படித்தான்’ என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தால், அந்தப் பதிலை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: மூளை உச்சத்தில் இருப்பது எந்த வயதில்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தது. ஹார்ட்ஷோர்ன், ஜெர்மைன் ஆகியோரின் 2015 ஆய்வுப்படி, வேகம் பதினெட்டு, பத்தொன்பது வயதில் உச்சம். முகம் பார்த்து மனநிலை அறிவது நாற்பதுகளிலும் அதற்குப் பிறகும். சொல்வளம் அறுபதுகளின் பிற்பகுதியில். எல்லாம் ஒன்றுகூடி உச்சத்தில் நிற்கும் வயது கிடையாது.

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. தினமும் போகும் தேநீர்க் கடையிலிருந்து திரும்பும்போது இரண்டு முறை வேறு தெருவுக்குப் போய்விட்டார். மின்கட்டணத்தை இரண்டு தடவை கட்டினார். கேட்டால், ‘எனக்கு என்ன குறை? உங்களுக்குத்தான் மறதி’ என்று கோபப்படுகிறார். அவரே நன்றாக இருப்பதாகச் சொல்லும்போது வற்புறுத்தலாமா?
– ஒரு மகள், நாகர்கோவில்

பதில்: வற்புறுத்துங்கள் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அழைத்துப் போங்கள், இந்த வாரமே.

கும்பகோணத்து வாசகிக்கு நான் சொன்னதன் மறுபக்கம் உங்கள் வீட்டில் நிற்கிறது. அவருக்குத் தன் மறதி ஒவ்வொன்றும் தெரிகிறது, வருந்துகிறார். உங்கள் அப்பாவுக்குத் தெரியவில்லை. மறதி நோய்கள் சிலவற்றில், தன் மறதியைக் கவனிக்கும் திறமையே சேர்ந்து பாதிக்கப்படுகிறது. அவர் மறைக்கவில்லை, பிடிவாதமும் இல்லை. அவருடைய மனம் அவரிடம் கொடுக்கும் செய்தியில் அந்தத் தவறுகள் இடம்பெறுவதே இல்லை. ஆகவே சான்று காட்டி வாதாடாதீர்கள். ‘நேற்று நீங்கள்தான்…’ என்று தொடங்கும் ஒவ்வொரு வாக்கியமும் அவருக்கு அநியாயமான குற்றச்சாட்டாகவே கேட்கும்.

ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க என்று சொல்லி அழைத்துப் போனால் வருவார். அதில் பொய் இல்லை, அவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, காது மந்தம், சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். அதனால்தான் ‘வயதானால் இப்படித்தான்’ என்று விட்டுவிடக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

போகும் முன், என்ன நடந்தது, எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எழுதியதை அவர் முன்னால் படிக்காமல் மருத்துவரிடம் தனியாகக் கொடுங்கள். முடிவு வரும்வரை காலை நடைக்குத் தெருவில் பழகியவர் யாரையாவது துணைக்குச் சேர்த்துவிடுங்கள். தேநீர்க் கடைக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், மகளே.